எட்டாம் கட்டளை குடிவந்த வீடு

இலந்தைக்குடியிருப்பு கோயிலின் பீடத்துக்கு மேலே வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒரு கறுப்புப் பலகை தொங்குகிறது. பத்துக் கட்டளைகளும் அதைவிட்டு இறங்கி வெளியே போனது சபையே கூடி உண்கிற அசனப் பண்டிகைக்கு இரண்டு மாதம் முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை. உபதேசியார் தவசிமணி கட்டளைகளை வாசிக்க வாயைத் திறந்ததும் பலகையிலிருந்த தங்க எழுத்துகள் பொலபொலவென்று உதிர்ந்து புது விரிப்பின்மேல் விழுந்தன. எழுத்துகள்தான் உதிர்ந்தன, எண்கள் உதிரவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் பழைய தமிழ் எண் போட்டிருக்கும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எட்டுக்குப் போட்ட ௮-வைப் பார்த்து 'அ' என்று வாசிக்கும். அந்த எண்கள் சட்டத்தைப் பிடித்து ஒவ்வொன்றாக இறங்கி, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே உள்ள பாதையில், ஒன்று முன்னாலும் பத்து காலை இழுத்துக்கொண்டு கடைசியிலுமாக நடந்து, மேற்கு வாசல் வழியாகத் தெருவுக்குப் போயின. எதற்கும் எழுந்து நிற்பது நல்லது என்று சபை எழுந்து நின்றது. உபதேசியார் நினைவிலிருந்தே மூன்று கட்டளைகளை ஒப்பித்தார், நாலாவதில் திக்கினார், பிறகு பாட்டுக்குப் போவோம் என்றார். தங்கத்தூள் ஒட்டினால் துவைத்தால் போகுமா போகாதா என்பதுதான் அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் பேச்சாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் எந்த எண் எங்கே போனது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. முதல் மூன்றும் ஊரில் நிற்காமல் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் போய்விட்டன. அவை கடவுளுடைய சொந்த விவகாரம், அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போயிருக்கும் என்று உபதேசியார் சொன்னார், சொன்ன பிறகுதான் அது கோயிலுக்கு எவ்வளவு அவமானமான பேச்சு என்று அவருக்கே உறைத்தது. ஓய்வுநாளை ஆசரி என்கிற நான்கு, பஸ் நிறுத்தத்துப் பரோட்டாக் கடையில் ஞாயிறு திங்கள் இல்லாமல் மாவு பிசைகிற சங்கரலிங்கத்தின் பாய்க்கு மேலே சுவரில் ஏறிக்கொண்டது, அவன் கிறிஸ்தவன் இல்லையே என்று அது பார்க்கவில்லை. தாய்தகப்பனை மதி என்கிற ஐந்து, மகன் கட்டிய மாடி வீட்டைத் தாண்டிக் கொல்லைக்குப் போய், மாட்டுத் தொழுவத்தில் கட்டில் போட்டுக் கிடக்கிற கிழவர் அருமைநாயகத்தின் தூணில் ஒட்டியது. ஆறு, தபால்காரர் குணசீலன் வீட்டு நிலைப்படியில். ஏழு விபசாரம், அது போன வீட்டை நான் சொல்லப்போவதில்லை, அந்த அம்மாள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். ஒன்பது எந்த வாசலிலும் நிலைகொள்ளாமல் தெருத்தெருவாக அலைந்தது, பொய்ச்சாட்சிக்கு ஒரு வீடு எப்படிப் போதும், அதனால் ஆட்கள் அதை மிதித்துவிடாமல் ஒதுங்கி நடக்கப் பழகிக்கொண்டார்கள். பிறன் பொருளுக்கு ஆசைப்படாதே என்கிற பத்து, புதிதாக மாடி எடுத்த வீட்டின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வெயில் காய்ந்தது.

எட்டு, பீடி சுற்றிப் பிழைக்கிற நேசமலர் வீட்டுக் கதவுக்கு வந்தது.

நேசமலர் மடியில் இருந்த தட்டில் இலையும் தூளும் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தாள். அது படியேறி, கதவில் ஏறி, தாழ்ப்பாளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அமர்ந்து, ஆணியடித்தாற்போல நின்றுவிட்டது. தெருவே அவளைப் பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும், எட்டு என்றால் களவு, கோயில் வெள்ளிக் கிண்ணத்தை அவள்தான் எடுத்தாள் என்று ஊர் முடிவுகட்டிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கோயில் பாத்திரங்களைப் புளிபோட்டுத் துலக்குவது அவள் நேர்ச்சை, அதற்கு அவள் கூலி வாங்கினதில்லை. ஈஸ்டர் முடிந்து திருவிருந்துக் கிண்ணத்தைக் காணவில்லை என்றதும், சபைச் செயலாளர் சாலமோன் வாத்தியார் கமிட்டி முன்னால் எழுந்து, நேசமலர் அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். பொருளறைச் சாவி அவரிடம்தான் இருந்தது என்பதும், அன்றைக்கு அவர் பூட்ட மறந்து வெளியூர் போய்விட்டார் என்பதும் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நேசமலரை, அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துப் பந்தியிலிருந்து விலக்கி வைத்தார்கள். புருஷன் லாரியோடு போய்த் திரும்பி வராதவள், அவளுக்காகக் கத்த ஆளில்லை. இப்போது கடவுளே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று தெரு சொன்னது.

அதைவிடப் பெரிய இடி ஒன்று இருந்தது. மகள் சுகிர்தாவுக்கு உடன்குடிப் பக்கத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டுக் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை அறிந்தவர் உண்டா என்று சபையிடம் கேட்டு, தடை இல்லை என்று சபைப் போதகரான ஐயர் எழுதிக் கொடுத்தால்தான் அங்கே தாலி ஏறும். நேசமலர் சபை முன்னால் நின்று குற்றத்தை ஒத்துக்கொள்கிறவரை ஓலை வாசிப்பதில்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள்தான், ஆனால் நல்ல மனிதர்களும் எவ்வளவு நாள் காத்திருப்பார்கள்.

ஊர் இந்த அதிசயத்தைச் சோற்றோடு சோறாகப் பிசைந்து விழுங்கியது. எண் வந்த வீட்டுக்காரன்தான் அந்தக் கட்டளையை மீறினவன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அருமைநாயகம் தொழுவத்தில் ஐந்து ஒட்டியிருக்கிறதா, அப்படியென்றால் அவர் சின்ன வயதில் தன் தகப்பனுக்குக் கஞ்சி ஊற்றியிருக்க மாட்டார். சங்கரலிங்கத்திடம் நான்கு இருக்கிறதா, அவன் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறவன்தானே. குணசீலன் விஷயம்தான் ரோட்டில் வந்து சிக்கிக்கொண்டது. இலந்தைக்குடியிருப்பில் பஸ் ரோட்டுக்கு மேற்கே எங்கள் சி.எஸ்.ஐ. கோயில், கிழக்கே கத்தோலிக்கரின் மாதா கோயில். பத்துக் கட்டளை இரண்டு பக்கத்துக்கும் பொதுதான், எண்ணிக்கைதான் வேறு. மேற்கே முதலாவதை இரண்டாகப் பிரித்து எண்ணுவார்கள், கிழக்கே அதை ஒன்றாக வைத்துக்கொண்டு கடைசியை இரண்டாக்குவார்கள், அதனால் நடுவில் உள்ளதெல்லாம் ஒரு படி மாறிப்போகும். குணசீலனின் ஆறு மேற்கே கொலை, கிழக்கே விபசாரம். கல்யாணமே ஆகாத அந்த மனிதர் கிழக்குப் பக்கத்து விளக்கத்தைக் கேட்டுக் கொஞ்சம் சந்தோஷப்பட்டதாகவும், தலைக்கு எண்ணெய் வைத்து வார ஆரம்பித்ததாகவும் சொன்னார்கள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இட்லிக் கடை போட்டிருந்த இஞ்ஞாசியம்மாள்தான் இதை நேசமலரிடம் கொண்டுவந்தாள். அவள் மாதா கோயில்காரி, நேசமலரைவிடப் பத்து வயது மூத்தவள், வாய் நிற்காது.

"ஏட்டி நேசம், உங்காளுக எண்ணத் தெரியாம எண்ணி வச்சிருக்காக. எங்க கோயில்ல களவு ஏழுல்லா. எட்டுன்னா பொய்ச்சாட்சி. உம்மேல எவனோ பொய் சொல்லிருக்கான்னு கதவே சொல்லுது. பேசாம பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க பக்கம் வந்துரு. சாமியார்ட்ட நான் பேசுதேன். அங்க வந்துட்டா நீ சுத்தம்."

நேசமலர் பீடி இலையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டாள். "ரோட்டத் தாண்டுனா சுத்தம், தாண்டாட்டா கள்ளியாக்கா?"

"அப்படித்தான ஆகுது."

"அப்ப நான் என்ன செஞ்சேன் செய்யலங்கிறதுக்கு மதிப்பே இல்லயா? எண்ணுறவன் வாய்லயா இருக்கு என் யோக்கியம்? நான் வரல. கிண்ணத்த நான் எடுக்கல. எந்தப் பக்கம் நின்னாலும் எடுக்கலதான்."

இஞ்ஞாசியம்மாளுக்குக் கோபம் வந்தது, கோபத்தோடேயே நாலு இட்லியை வைத்துவிட்டுப் போனாள்.

நேசமலர் அன்றிரவு அதைத் தொடவில்லை. விடிந்ததும் அந்த இட்லியைத் தூக்குவாளியில் போட்டு அருமைநாயகத்துக்குக் கொண்டுபோனாள், மகன் வீட்டில் எழுந்திருக்க நேரமாகும், கிழவர் பசியோடு கிடப்பார் என்று அவளுக்குத் தெரியும். தொழுவத்தில் சாணி மணத்துக்கு நடுவே, தூணில், ஐந்து ஒரு பல்லியைப்போல அசையாமல் கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் மாடி வீடு, டைல்ஸ் பதித்த வாசல், ஏ.சி. பெட்டி. தகப்பனைத் தொழுவத்தில் போட்டவன் அங்கே தூங்குகிறான், எண் அவன் வாசலில் நிற்காமல் இங்கே வந்திருக்கிறது. கிழவர் சாப்பிட்டுக்கொண்டே, இது வந்த பிறகு ராத்திரி பேச்சுத்துணையா இருக்கு பிள்ளை என்றார். நேசமலருக்கு அப்போதுதான் புரிந்தது. குணசீலனுடைய தம்பியைக் கல்குவாரித் தகராறில் அடித்துக் கொன்றது ஞாபகம் வந்தது, ஊர் மறந்துவிட்டது, அண்ணன்காரன் மறக்காமல் தனிக்கட்டையாக இருக்கிறார். சங்கரலிங்கத்துக்கு ஒரு நாள் லீவு கொடுக்க ஆளில்லை. எண்கள் செய்தவனிடம் போகவில்லை, பட்டவனிடம் போயிருக்கின்றன. அப்படியென்றால் தன்னிடமிருந்து எதுவோ களவு போயிருக்கிறது. என்ன போனது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் பெயரைத்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவள் தொழுவத்துத் தரையில் உட்கார்ந்து அழுதாள், துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில், கிழவர் இட்லியை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக அழுதாள்.

பேராயர் வருகிற பண்டிகை நெருங்க நெருங்கக் கமிட்டிக்கு வெறும் பலகை உறுத்தியது. எண்ணை யாராலும் பிடுங்க முடியவில்லை, ஆனால் வீட்டுக்காரர் வாய்விட்டுப் போ என்று சொன்னால் அது தானே இறங்கிக் கோயிலுக்கு நடப்பதைச் சங்கரலிங்கம் கண்டுபிடித்தான், தூக்கத்தில் கொசுவை விரட்டுகிறோம் என்று நினைத்து அவன் போ என்றிருந்தான். நான்கு போய்ப் பலகையில் ஏறியதும் அதன் வாக்கியம் தங்கத்தில் தானாகப் படிந்தது. கமிட்டி வீடுவீடாகப் போய்க் கெஞ்சியது, மிரட்டியது. குணசீலன் நாலு நாள் யோசித்துத் தம்பி போட்டோவைத் துடைத்து வைத்துவிட்டுப் போ என்றார். கிழவரை மகன் ஒரு வாரம் வீட்டுக்குள் படுக்க வைத்தான், அவர் ஐந்துக்கு விடை கொடுத்தார், அடுத்த வாரம் தொழுவத்துக்குத் திரும்பினார். தேரிக்காட்டுக்குப் போனவையும் தெருவில் அலைந்த ஒன்பதும்கூட யார் அனுப்பியோ திரும்பி வந்தன. எட்டு மட்டும் வரவில்லை.

ஐயர் நேசமலரைக் கோயில் பொருளறைக்குக் கூப்பிட்டார். சாலமோன் வாத்தியார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவள் நின்றாள்.

"கட்டளை கடவுள் மலைமேல வச்சுத் தம் விரலால எழுதிக் குடுத்தது, நேசமலர்," என்றார் ஐயர். "அது கோயில் சொத்து. உன் வீட்டுக் கதவுல இருக்கக் கூடாது. போன்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை சபையில ரெண்டு வார்த்தை மன்னிப்பு கேளு. அன்னைக்கே ஓலை வாசிக்கிறேன்."

"ஐயா, மலையில வச்சுக் குடுக்கறதுக்கு முந்தி, களவு குடுத்தவனுக்கு வயிறு எரியாமலா இருந்துச்சு?"

"என்ன பேசுத?"

"அத வாங்குனது யாரு? அயல் ராசாவுக்கு அடிமையாக் கெடந்தவுக. லீவே இல்லாமச் செங்கல் அறுத்தாக, அதனால ஓய்வுநாள்னு ஒண்ணு வந்துச்சு. பெத்த பிள்ளைகள ஆத்துல போடப் பாத்துக்கிட்டு நின்னாக, அதனால கொல்லாதன்னு ஒண்ணு. உழைப்ப எல்லாம் பறிகுடுத்தாக, அதனால எடுக்காதன்னு ஒண்ணு. எழுதுனது அவரு விரலு. வார்த்தை அவுக கதறுனது. இது நான் கண்டுபிடிச்சது இல்ல ஐயா. போன வருஷம் நீங்க பிரசங்கத்துல சொன்னதுதான்."

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை, ஒன்பது கோயில்களுக்கு ஒற்றை ஆளாக மோட்டார் சைக்கிளில் அலைகிறவர், எங்கும் சண்டை இல்லாமல் பண்டிகை முடிந்தால் போதும் என்று நினைக்கிறவர். "பிரசங்கம் வேற, கமிட்டி வேற," என்றார்.

சாலமோன் வாத்தியார் பொருளறைச் சாவியை வேட்டி மடிப்புக்குள் தள்ளினார்.

வீட்டுக்கு வந்தால் சுகிர்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எட்டு அவள் தலைக்கு மேலே இருந்தது. "எம்மா, ஒத்த வார்த்தை. எடுத்தேன், மன்னிச்சிருங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சிரும்லா. நீ எடுக்கலன்னு எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும்னா நான் எதுக்குளா சொல்லணும்?"

"எனக்காக."

நேசமலர் மகளை விலக்கிக்கொண்டு படியேறினாள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள். மகளுக்காக எதையும் செய்வாள், சிறுநீரகம் கேட்டால் கொடுப்பாள், ஆனால் இதைச் சொன்னால் நாளைக்கு அந்தப் பெண் போகிற வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் கள்ளி மகள் என்பார்கள், அது அவள் ஆயுசுக்கும் ஒட்டும். "உனக்காகத்தான் சொல்ல மாட்டேன்," என்றாள் கடைசியில். சுகிர்தா அன்றைக்குப் பாயை எடுத்துக்கொண்டு வாசலில் போய்ப் படுத்தாள்.

அந்த ஞாயிறு, அறிவிப்புகள் முடிந்து ஐயர் எழுந்திருக்கும் நேரத்தில், பெண்கள் பக்கத்திலிருந்து நேசமலர் எழுந்தாள். மன்னிப்பு கேட்கப் போகிறாள் என்று சபை முன்னால் சாய்ந்தது. அவள் கையில் காகிதம் இல்லை, ஓலை வாசிக்கிற குரலில் ஆரம்பித்தாள், இலந்தைக்குடியிருப்பு நேசமலர் மகள் சுகிர்தாவுக்கும் உடன்குடி ஞானதுரைக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது என்று ஊர் பேர் தவறாமல் சொல்லி, இதற்குத் தடை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்றாள், அதோடு நிறுத்தாமல், "இவ அம்மை கிண்ணத்த எடுத்ததக் கண்ணால கண்டவுக இருந்தா எந்திரிச்சுச் சொல்லணும், இது முதலாந்தரம் கேக்குதேன்," என்றாள். கமிட்டிக்காரர்கள் சத்தம் போட்டு அவளை உட்கார வைத்தார்கள். அடுத்த ஞாயிறும் எழுந்தாள், அதே வார்த்தைகளைச் சொன்னாள், இரண்டாந்தரம் என்றாள். அன்றைக்குச் சத்தம் போட்டவர்கள் குறைவு, ஏனென்றால் எல்லோரும் சாலமோன் வாத்தியார் உட்காருகிற இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள், அவர் காய்ச்சல் என்று வரவில்லை. கோயிலில் நின்று கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் தடை இல்லை என்று அர்த்தம், அது அந்தச் சபையின் பழைய ஒழுங்கு, கமிட்டியாலும் மாற்ற முடியாதது.

மூன்றாவது ஞாயிறு பேராயர் வந்திருந்தார், சாலமோன் வாத்தியாருக்குக் காய்ச்சல் என்று சொல்ல வழியில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இஞ்ஞாசியம்மாளும் நாலைந்து பெண்களும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்து பின் வாசலில் நின்றார்கள். நேசமலர் எழுந்தாள். மூன்றாந்தரம் கேக்குதேன் என்றாள். சாலமோன் வாத்தியார் எழுந்தார். எழுந்தவர் கண், பழக்கத்தில், பலகைக்குப் போனது. அங்கே ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஒரு வரி கறுப்பாக, காலியாக, அவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அவர் வாயைத் திறந்து மூடினார், மறுபடி திறந்தார்.

"கண்ணால பாக்கல," என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். மன்னிப்பு கேட்கவில்லை, பூட்டாமல் போனதைச் சொல்லவில்லை, கிண்ணம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஐயர் தடை இல்லை என்று எழுதிக் கொடுத்தார், சுகிர்தாவுக்குக் கல்யாணம் ஆனது, பந்தியில் அருமைநாயகத்தை நேசமலர் முதல் இலையில் உட்கார வைத்தாள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் ஐயரும் கமிட்டியும் பழத்தட்டோடு அவள் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது எல்லாம் சரியாகிவிட்டதே, இனி எட்டை அனுப்பி வைக்கலாமே என்று பதமாகக் கேட்டார்கள்.

"சரியாச்சுன்னு யாரு சொன்னா?" என்றாள் நேசமலர். "பொய்யத் திருப்பி எடுத்துக்கிட்டிய. என்கிட்ட எடுத்தத இன்னும் தரலயே. எத்தன மாசம் நான் பந்தியில ஒதுங்கி உக்காந்தேன், அத எந்தத் தட்டுல வச்சுத் தருவிய? சுவத்துல எழுதி வச்சிருந்தப்பவும் நீங்க அதப் பாக்கல. இது இங்கயே இருக்கட்டும். வேணுங்கிறவுக வாசல்ல வந்து படிச்சுட்டுப் போங்க."

பழத்தை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை, எண்ணையும் அனுப்பவில்லை.

அதனால் இலந்தைக்குடியிருப்பு கோயிலில் இன்றைக்கும் கட்டளைகளை வாசிக்கிற உபதேசியார் ஏழு முடிந்ததும் நின்றுவிடுவார். பலகையில் இல்லாததை வாசிக்க அவருக்கு நாக்கு வருவதில்லை, முயற்சி செய்து பார்த்துவிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து நேசமலர்தான் எழ வேண்டும். பழைய வாக்கியத்தை அவள் சொல்வதில்லை, "என்னுடையத எடுக்காத," என்று மட்டும் சொல்வாள். ஒவ்வொரு கட்டளைக்கும் சொல்கிற வழக்கப்படி சபை 'எங்களுக்கு இரங்கும்' என்று பதில் சொல்லும், அதை யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. சில ஞாயிறுகளில் அவள் உடனே எழுந்திருப்பதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே பஸ் போகிற சத்தத்தைக் கேட்டபடி, தன்பாட்டுக்கு இருப்பாள். ஐயரும் உபதேசியாரும் சாலமோன் வாத்தியாரும், சபை முழுவதும், அவள் எழுந்திருக்கிறவரை தலையைக் குனிந்துகொண்டு காத்திருக்கிறார்கள்.